குழாய் பீர்க்கடையில் ஒரு மாப்பிள்ளை விசாரிப்பு

என் அக்கா வடிவம்மாளின் வீட்டுக்காரர் அம்பலவாணன், திருநெல்வேலி டவுனில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தலைமைக் குமாஸ்தா. இந்தத் தகவலை வைத்துக்கொண்டு தெற்கு ரத வீதியில் போய் நின்று வீடு கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ‘மாப்பிள்ளை விசாரிக்கிறவர்’ என்று சொல்லிப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவார்கள்.

பெண்ணைப் பெற்ற சைவ வீடுகளில் ஜாதகம் பொருந்தியதும் அடுத்த வேலை அத்தானைத் தேடி வருவதுதான். மாப்பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும் சரி, அத்தான் சங்கத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். யாரிடமும் நேராக ஒரு கேள்வி கேட்க மாட்டார். ‘வாடகைக்கு வீடு பார்க்குதேன்’ என்று சொல்லிக்கொண்டு மாப்பிள்ளை குடியிருக்கும் தெருவுக்குள் நுழைவார். துணி தேய்ப்பவரிடம் கொஞ்சம் பேச்சு, சலூனில் கொஞ்சம் பேச்சு, மெஸ்ஸில் ஒரு சாப்பாடு. அவ்வளவுதான். திரும்பி வந்து ‘செய்யலாம்’ என்பார், இல்லை ‘வேண்டாம்’ என்பார். இரண்டுக்கும் விளக்கம் கிடையாது. கேட்கிற தைரியமும் யாருக்கும் கிடையாது. சங்கரன்கோவிலில் ஒரு பெரியவர், இவர் குடிவரப் போகிறார் என்று நம்பி வீட்டுக்கு வெள்ளையடித்துக் காத்திருந்தார் என்று கேள்வி. அதெல்லாம் அத்தானுக்குக் கணக்கே இல்லை.

ஆளைப் பார்த்தாலே ஒழுக்கம் தெரியும். நெற்றி நிறைய விபூதிப் பட்டை. எந்தப் பாத்திரத்தையும் உதட்டில் வைக்க மாட்டார். எச்சில் என்றால் அவருக்கு அப்படி ஒரு ஆகாமை. தண்ணீர், மோர், கொதிக்கக் கொதிக்கக் காப்பி, எதுவானாலும் கையை உயரத் தூக்கி, அண்ணாந்து, ஒரு சொட்டுக் கீழே சிந்தாமல் தொண்டைக்குள் விடுவார். மருந்துக்கடையில் கொடுக்கிற இருமல் டானிக்கைக்கூட அந்தச் சின்ன மூடியிலிருந்து அப்படித்தான் குடித்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் எரிச்சலாக வந்தது.

ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மளமளவென்று மாப்பிள்ளை தேர்ந்தெடுத்துக் கொடுத்த இந்த மனுஷன், தன் மகள் விஷயத்தில் மட்டும் சல்லடை வைத்து அரித்து எடுத்துவிட்டார். பிருந்தா ஜங்ஷனில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூடப் படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டன. அவளுக்கு வந்த வரன்களை அத்தான் ஒவ்வொன்றாகக் கழித்தார். ஒருத்தனுக்குச் செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததாம். இன்னொருத்தன் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறானாம். தூத்துக்குடி மாப்பிள்ளை மெஸ்ஸில் மூன்று தடவை ரசம் கேட்டு வாங்கினான் என்று வேண்டாமென்றுவிட்டார். ரசம் கேட்பது ஒரு குற்றமா என்று நான் கேட்டதற்கு, ‘அடங்காத நாக்கு’ என்று பதில் வந்தது.

பிருந்தா ஒரு வார்த்தை பேச மாட்டாள். போட்டோவைக் காட்டினால் பார்ப்பாள், திருப்பிக் கொடுப்பாள், மெஷினைத் தட்டப் போய்விடுவாள். தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் குமரகுருபரன், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அந்தப் போட்டோவைத்தான் அவள் கொஞ்சம் கூடுதலாக வைத்துப் பார்த்தாள். திருப்பிக் கொடுக்கும்போது, “மூக்கு நல்லாருக்கு” என்றாள்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த எனக்கு ஆள் அனுப்பி வரவழைத்தாள். நான் என்னவோ ஏதோவென்று அரக்கப்பரக்க ஓடினேன்.

“ஏலே நடராஜு, மூக்கு நல்லாருக்குன்னு சொல்லிட்டாளே!”

“இதுக்கா ஆளனுப்புன?”

“ஒனக்கென்ன தெரியும்? ஏழு வருஷத்துல அவ வாயத் தொறந்து சொன்னது இதான். ஒங்க அத்தான் பெங்களூருக்கு விசாரிக்கப் போறாக. நீ கூடப் போ. அவுக வாயில இருந்து ‘வேண்டாம்’னு வந்துதுன்னா, நீயும் இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத, சொல்லிட்டேன்.”

அவர் சொல்லப்போகிற வார்த்தைக்கு நான் எப்படி ஜாமீன்? ஆனால் அக்கா அழுதுகொண்டே சொன்னாள். பிருந்தாவை நினைத்தால் எனக்கும் மறுக்க முடியவில்லை. என் கையால் ஊஞ்சலாட்டிய பிள்ளை அது. சரியென்று கிளம்பினேன்.

பஸ்ஸில் புளியோதரைப் பொட்டலமும் ஒரு பித்தளைக் கூஜாவில் தாமிரபரணித் தண்ணீரும் வந்தன. வெளியூர்த் தண்ணீர் அத்தானுக்கு ஒத்துக்கொள்ளாது. கூஜா தூக்குகிறான் என்று ஊரில் சிலரைச் சொல்வார்களே, நான் பெங்களூர் வரைக்கும் நிஜமாகவே தூக்கினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பையன் அல்சூரில் ஒரு மாடி அறையில் இருந்தான். அத்தான் லாட்ஜில் குளித்து, பட்டை போட்டு, வாடகைக்கு வீடு பார்க்கக் கிளம்பினார். மெஸ்காரர் நல்லபடியாகச் சொன்னார். சலூன்காரர் இன்னும் நல்லபடியாகச் சொன்னார். அத்தான் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. எனக்கு அக்கா வீட்டு வாசப்படி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. கடைசியில் துணி தேய்க்கிற தமிழர் கெடுத்தார்.

“தங்கமான பையன் சார். சட்டைப் பையில பீடி நாத்தம்கூட இருக்காது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் மட்டும் கம்பெனி ஆளுங்ககூட பப்புக்குப் போவாரு.”

“அது என்னது?”

“பீர் கடை சார். பாட்டில் கிடையாது, குழாய்ல புடிச்சுக் குடுப்பான். பெரிய பெரிய மனுஷங்கள்லாம் வருவாங்க.”

அத்தான் அங்கேயே திரும்பி நடந்தார். நான் கூஜாவோடு பின்னால் ஓடினேன்.

“கெளம்புலே. பஸ்ஸுக்கு நேரமிருக்கு.”

“அத்தான், தேய்க்கிறவர் சொன்னதை வச்சா முடிவு பண்ணுதிய?”

“வேற என்ன வேணும்?”

“ரசத்துக்கே பக்கத்து இலையில உக்காந்து கண்ணால பாத்துட்டுத்தான சொன்னிய? இப்ப காதால கேட்டதை வச்சு எம் மருமகள் வாழ்க்கையை முடிக்கப் போறியளா? அங்கன போயி, அவன் கையில என்ன இருக்குன்னு பாத்துட்டு, அப்புறம் சொல்லுங்க.”

நடுரோட்டில் நான் போட்ட சத்தத்தில் ரெண்டு பேர் நின்று பார்த்தார்கள். அத்தான் நடையை நிறுத்தினார். அவருடைய தொழில் தர்மத்தைத் தொட்டுவிட்டேன் போலிருக்கிறது.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னைய எங்கலே இழுக்க?” என்றார். ஆனால் வந்தார்.

வாசலில் மீசை வைத்த காவலாளி எங்கள் வேட்டியைப் பார்த்தான், விபூதியைப் பார்த்தான், கூஜாவைப் பிடித்துக்கொண்டான். வெளியிலிருந்து குடிக்கிற சாமான் உள்ளே வரக் கூடாதாம். அத்தான், “இது தாமிரபரணித் தண்ணிவே” என்று தமிழில் விளக்க, அவன் கன்னடத்தில் மறுக்க, கடைசியில் கூஜா வாசலிலேயே தங்கிவிட்டது. திரும்பி வரும்போது தருவானாம்.

உள்ளே போனால் கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கூடம். பொழுது சாயுமுன்னே உள்ளே இருட்டு. பாட்டு என்ற பேரில் ஒரு இடி இடித்துக்கொண்டிருந்தது. பீப்பாயைக் கவிழ்த்து மேஜையாக்கி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் உயரமான ஸ்டூல்கள். அத்தனையிலும் ஜனம். பெண்பிள்ளைகள் வேறு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தான் என் தோளைப் பற்றிக்கொண்டார். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நீளமாக ஒரு மர மேடை, அதன்மேல் வரிசையாகப் பளபளவென்று பித்தளைக் குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் கைப்பிடி. இழுத்தால் கொட்டுகிறது, விட்டால் நிற்கிறது.

அத்தான் இருந்த பயத்தையும் மறந்து அந்தக் குழாய்களையே பார்த்தார்.

“ஏலே, நம்ம தெருவுக்கே ஒத்தக் குழாய். அதுலயும் காத்துதான் வருது. இங்கன பாத்தியா!”

அந்தக் குரலைக் கேட்டு, குழாய்க்குப் பின்னால் நின்ற ஆள் சட்டென்று நிமிர்ந்தார். முப்பது வயசிருக்கும், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு கறுப்பு டை கட்டியிருந்தார்.

“அண்ணாச்சி, திருநவேலியா?”

அத்தான் விறைத்துவிட்டார். ஆயிரம் தெருவில் விசாரித்திருக்கிறார், ஒருத்தரும் அவரை ஊர் கேட்டதில்லை. வாய் அதுவாகவே, “வாடகைக்கு வீடு பார்க்குதோம்” என்றது.

“பப்புக்குள்ளயா?”

நான் இடையில் புகுந்து ஊரை ஒப்புக்கொண்டேன். அவர் பேர் ஹெப்ரான், பாளையங்கோட்டை. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு. நான் அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று தெரிந்ததும் அவர் முகமும் விறைத்தது.

“சார், எங்க ஐயா சர்ச்சு சபையில மூப்பர். நான் பெங்களூர்ல ஹோட்டல்ல வேலை பாக்குதேன்னுதான் வீட்ல சொல்லி வச்சிருக்கேன். தயவுசெஞ்சு என்னையப் பாத்ததா ஊர்ல சொல்லிராதிய.”

“நீரு எங்களைப் பாத்ததா சொல்லாம இருந்தாப் போதும்வே” என்றார் அத்தான். உடனே ரெண்டு பேருக்கும் உயிர் வந்துவிட்டது. ஹெப்ரான் எங்களை ஒரு தூண் மறைவில் உட்கார வைத்தார். நான் குமரகுருபரன் பேரைச் சொன்னதும், அவன் வழக்கமாக வந்து நிற்கிற இடத்தையும் காட்டினார். ஆனால் வெறும் மேஜையோடு உட்கார்ந்திருந்தால் மேனேஜர் எழுப்பிவிடுவாராம்.

“பால் கெடைக்குமா?” என்றார் அத்தான்.

“இங்கன பீரு மட்டுந்தான் அண்ணாச்சி. சும்மா ரெண்டு மக்கு பிடிச்சு முன்னால வைக்கேன். நீங்க தொட வேண்டாம்.”

“அந்தக் குழாய்க்கும் இந்தக் குழாய்க்கும் என்னவே வித்தியாசம்?”

“இது கொஞ்சம் கசப்பு. அது நல்ல கசப்பு. அந்தா கடைசியில இருக்கது கருப்பா இருக்கும், அதுவும் கசப்புதான்.”

“எல்லாம் கசப்புன்னா எதுக்குவே இத்தனை குழாய்?”

ஹெப்ரான் மக்கு எடுக்கப் போய்விட்டார். எனக்கும் இன்றுவரை அதற்குப் பதில் தெரியாது.

மக்குகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குடம். மேலே நாலு விரல்கடைக்கு நுரை. அத்தான் அதைக் காப்பிக்கடைக் கண்ணோடு பார்த்து, “ஆத்தினது சரியில்ல. டவரா இல்லியோ?” என்றார். கூடவே ஒரு கிண்ணத்தில் மசாலாக் கடலை வைத்தார்கள். கடலையில் என்ன தோஷம் என்று அதை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அதில் உப்பும் மிளகாய்ப்பொடியும் வாரிக் கொட்டியிருந்தது. கிண்ணம் காலியானபோது அவர் காது சிவந்துவிட்டது. கூஜாவோ வாசலில்.

அந்த நேரம் பார்த்து அவன் வந்தான். போட்டோவில் இருந்த மூக்குதான், சந்தேகமே இல்லை. கூட நாலைந்து பேர். சிரித்த முகம், சத்தம் போடாமல் பேசினான். நான் சாமியைக் கும்பிட்டேன், அவன் வெறும் தண்ணீர் கேட்க வேண்டுமே என்று. அவன் மேடையில் கையூன்றி நின்று, மூன்றாவது குழாயைக் காட்டினான். ஹெப்ரான் இழுத்தார். மக்கு நிறைந்தது. அவன் எடுத்தான், குடித்தான். மறைக்கவில்லை, திருட்டு முழி முழிக்கவில்லை, மோர் குடிக்கிறவன் மாதிரி குடித்தான்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். அத்தான் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்போது பையன் திரும்பினான். அத்தனை பேரில் விபூதிப் பட்டையும் வேட்டியுமாக ஒரு மனிதர் தன்னையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும். அவன் உற்றுப் பார்த்தான். அத்தான் பதறிவிட்டார். விசாரிக்க வந்தவர் பிடிபடக் கூடாது என்பது அவருடைய முதல் விதி. நாமும் இங்கே வாடிக்கையாகக் குடிக்க வருகிற ஆள்தான் என்று காட்டிக்கொள்ள வேண்டும். சட்டென்று முன்னால் இருந்த மக்கை எடுத்தார். “அத்தான், வேண்டாம்!” என்று நான் சொல்வதற்குள், இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாக மேலே போய்விட்டது. அண்ணாந்தார். வாயைத் திறந்தார். ஊற்றினார்.

மோர் சொன்னபடி கேட்கும். காப்பியும் கேட்கும். பீருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. முதலில் நுரை மொத்தமாக மூக்கில் விழுந்தது. பின்னால் சரக்கு வந்தது. பாதி தொண்டைக்குள் போய் அங்கேயும் பொங்கி, போன வழியே திரும்பி வந்தது. மீதி விபூதியைக் கரைத்துக்கொண்டு சட்டைக்குள் இறங்கியது. கண் பிதுங்க, மூச்சு வாங்க முடியாமல் ஸ்டூலிலிருந்து சரிந்தார் மனுஷன்.

கூடம் முழுக்கக் கைதட்டியது. விசில் அடித்தார்கள். இது ஏதோ தெற்கத்தி வித்தை என்று நினைத்துக்கொண்டு பக்கத்து மேஜை விடலைகள் தங்கள் மக்கையும் உயரத் தூக்கி வாயில் ஊற்ற ஆரம்பித்தார்கள். அங்கேயும் நுரை, அங்கேயும் சிரிப்பு. இங்கே என் அத்தான் நீலம் பாரித்துக்கொண்டிருக்கிறார். நான் கத்துகிறேன், அந்தப் பாட்டு இரைச்சலில் யாருக்குக் கேட்கிறது?

ஒரே ஒருத்தன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். குமரகுருபரன்தான். அத்தானைக் குனிய வைத்து முதுகில் ஓங்கித் தட்டினான். உச்சந்தலையில் தட்டினான். கரகரவென்று ஒரு சத்தத்தோடு மூச்சு திரும்பியதும், தன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். “தண்ணி! தண்ணி கொண்டாங்க!” என்று ஹெப்ரானை விரட்டினான்.

“பைய, பைய... ஒண்ணுமில்ல. யாரோ நினைக்காக அண்ணாச்சி.”

அத்தான் தண்ணீரை வாங்கி, உதட்டில் வைத்தே குடித்தார். நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவன் தன் கூட்டாளிகளிடம் போகவில்லை. வாசலில் கூஜாவை அவனே கேட்டு வாங்கி, ஆட்டோ பிடித்து, எங்களை லாட்ஜ் வரை கொண்டுவந்து விட்டான். நாங்கள் யார் என்று சொல்லவில்லை. வாடகைக்கு வீடு பார்க்க வந்ததாகத்தான் சொன்னோம். அவன் அத்தானை ஒரு பாவப்பட்ட குடிகாரர் என்று நினைத்துவிட்டான். வழியெல்லாம் புத்திமதி.

“தப்பா நினைக்காதிய அண்ணாச்சி. இந்த வயசுல, அதுவும் இப்படி மடமடன்னு ஊத்தப்பிடாது. வீட்ல பிள்ளைகள் இருப்பாங்கள்லா?”

“ஒரு மக இருக்கா” என்றார் அத்தான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

“அவங்களை நினைச்சுக்கிடுங்க. நானும் வெள்ளிக்கிழமைக்கு ஒரு மக்கு குடிப்பேன், அதோட சரி. இப்ப டவுன்ல எனக்குப் பொண்ணு பாத்திருக்காங்க. பொண்ணோட அப்பா பெரிய ஆசாரக்காரராம். தெரிஞ்சா வேண்டாம்னுதான் சொல்லுவாரு. ஆனா பொண்ணுகிட்ட முதல்லயே சொல்லிரணும்னு வச்சிருக்கேன். அவங்க வேண்டாம்னா சரி. ஏமாத்திக் கட்டக் கூடாதுல்லா அண்ணாச்சி?”

அத்தான் ஆட்டோக்காரரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மக்கு என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் ஊர் வந்து சேர்ந்தோம். வாசலில் அக்கா நிற்கிறாள், கதவிடுக்கில் பிருந்தா நிற்கிறாள். “என்ன, என்ன?” என்று அக்கா கேட்க, அத்தான் செருப்பைக் கழற்றினார், காலைக் கழுவினார், துண்டால் துடைத்தார்.

“அவங்க வந்து பொண்ணைப் பாக்கட்டும்” என்றார்.

செய்யலாமா வேண்டாமா என்றே சொல்லவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை என்று சத்தியம் பண்ணினேன். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் சங்கத்துக்குப் போகிற வழியில் என்னை நிறுத்தி, “நல்ல பயதான். ஆனா குடிக்கானேலே” என்றார். பத்தடி போய்த் திரும்பி வந்து, “குடிக்கான். ஆனா நல்ல பயலா இருக்கானேலே” என்றார். எனக்கு அவர்மேல் முதன்முதலாக இரக்கம் வந்தது.

பெண் பார்க்க வருகிற நாளும் வந்தது. பையனின் அப்பா சிவசண்முகம், அம்மா, பையன், மூன்று பேர். அத்தான் முன்னால் நிற்க முடியாமல் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். குமரகுருபரன் படியேறி, என்னைப் பார்த்து, எனக்குப் பின்னால் பார்த்து, “அண்ணாச்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். வணக்கம் சொல்லக் கூப்பிய கை கூப்பியபடியே நின்றது.

“மாமாதான் பொண்ணோட அப்பா. என்னலே முழிக்க?” என்றார் சிவசண்முகம்.

எல்லாரும் உட்கார்ந்தோம். கேசரி, பஜ்ஜி, காப்பி. சிவசண்முகம் தன் மகனிடம், “மாமாவைப் பத்தி நான் சொன்னேம்லா? பச்சைத் தண்ணியைக்கூட வெளியில குடிக்க மாட்டாக” என்று பெருமையாகச் சொன்னார். பையனுக்குக் காப்பி புரையேறிவிட்டது. அத்தான் பாய்ந்து போய் அவன் தலையில் தட்டினார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்ட பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து, பஜ்ஜியை வாயில் அடைத்துச் சமாளித்தேன்.

இருமல் நின்றதும் பையன் தலைகுனிந்தபடி, “மாமா, நான் அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை தனியாப் பேசலாமா?” என்றான். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் அது வழக்கமில்லை. மற்ற நாளென்றால் அத்தான் எழுந்தே போயிருப்பார்.

“பேசட்டும், பேசட்டும்” என்றார் பலவீனமாக. அக்கா வாய் பிளந்தாள்.

பிருந்தாவும் அவனும் பின்கட்டுக்குப் போனார்கள். அத்தான் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே, தண்ணீர் குடிக்கப் போவதுபோல அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டார். அக்காவும் நானும் பின்னாலேயே போனோம். கொஞ்ச நேரத்தில் பின்கட்டிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கலகலவென்று, அடக்க முடியாமல். அக்கா என் கையைப் பிடித்தாள். பிருந்தா சத்தம் போட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எங்களுக்கு ஞாபகமில்லை.

அவள் அடுக்களைக்குள் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“அப்பா, பெங்களூர்ல வீடு கெடைச்சுதா?”

அத்தான் அரிசிப் பானையைப் பார்த்தார்.

“என்ன வீடு? என்னளா சொல்லுத?” என்றாள் அக்கா. பிருந்தா சொன்னாள். மெதுவாக, ஒன்று விடாமல் சொன்னாள். அக்காவின் முகத்தில் வந்து போனதையெல்லாம் எழுத எனக்குத் திராணியில்லை.

“பீரா? நீங்களா? வெள்ளிக்கிழமையா?” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீ எதுக்குலே கூடப் போன?”

“ஏளா, கொஞ்சம் பொறு” என்றார் அத்தான். குரல் கம்மியிருந்தது. “பிருந்தா, அவன் குடிக்கான்மா. என் கண்ணால பாத்தேன். வேண்டாம்னு சொல்லத்தான் வாயெடுக்கேன், வர மாட்டேங்கு. அன்னைக்கு அந்தப் பையன் இல்லன்னா நான் அங்கனயே மூச்சு முட்டிச் செத்திருப்பேன். எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குமா.”

“அவரு வாரத்துக்கு ஒண்ணு குடிக்கதையும் சொல்லிட்டாரு. அப்பா, அங்கன எத்தனை பேரு இருந்தாங்க?”

“அது கெடக்கு, திருவிழாக் கூட்டம்.”

“நீங்க மூச்சு முட்டி விழுந்ததும் எல்லாரும் என்ன செஞ்சாங்க?”

“கை தட்டுனாங்க.”

“எத்தனை பேரு எந்திரிச்சு ஓடி வந்தாங்க?”

அத்தான் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். கண் நிறைந்துவிட்டது.

“எனக்கு அது போதும்ப்பா” என்றாள் பிருந்தா. “செருப்பு எப்படித் தேஞ்சிருக்கு, ரசம் எத்தனை தடவை கேக்காருன்னு இனிமே நான் பாத்துக்கிடுதேன். வெள்ளிக்கிழமை மக்கையும் நான் பாத்துக்கிடுதேன். நீங்க பெங்களூருக்கு வந்தா நேரா நம்ம வீட்டுக்கு வாங்க.”

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பீருக்கு அழுகிறாளா, கல்யாணத்துக்கு அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அத்தான் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். சிவசண்முகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், காது மடல் சிவந்திருந்தது.

“என்ன அம்பலவாணன்” என்றார் சிவசண்முகம், “ஊருக்கெல்லாம் முடிவு சொல்லுத ஆளு நீங்க. எங்களுக்கு என்ன சொல்லப் போறிய?”

அத்தான் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நான் சொல்லதுக்கு ஒண்ணுமில்ல” என்றார். “பிருந்தாவுக்குச் சம்மதம்.”